பின்வளவில் ஒரு வீடு

ஊரில் மகளுக்குக் கலியாணம் பேசத் தொடங்கும்போதே வளவின் ஒரு பக்கத்தில் வீட்டுக்கு அத்திவாரம் போடுவது நம்மவர் வழக்கம். ஒரே வேலிக்குள் இரண்டு அடுப்புகள் எரிவதை எவரும் குற்றமென்று கருதியதில்லை. ஒரு காணியில் எத்தனை குடியிருப்புகள் இருக்கலாம் என்பதை மாநகரசபையின் வலய விதிகள் தீர்மானிக்கும் என்பதைக் கனடாவுக்கு வந்த பின்னரே அறிந்தோம்.

1997இல் நாம் ஸ்காபரோவில் ஒரு நிலவறையில் குடியிருந்தோம். "ஆரும் வந்து கேட்டால் சொந்தக்காரர் எண்டு சொல்லுங்கோ" என்பதே வீட்டுக்காரரின் முதல் நிபந்தனை. பிள்ளைகளுக்கு வாய்மையைப் படிப்பித்துவிட்டு வந்த நாம் இங்கே மனனம் செய்த முதற் பாடம் அந்தப் பொய்தான். அவரது அச்சத்துக்கும் காரணம் இருந்தது. வீடுகளில் இரண்டாவது குடியிருப்பை 1994இல் ஒன்ராறியோ அரசு அனுமதித்தது; அடுத்து வந்த அரசு 1996இல் அந்த அதிகாரத்தை உள்ளூராட்சிச் சபைகளிடம் திருப்பிக் கொடுத்தது. எது சட்டம், எது மீறல் என்று சாதாரண மனிதருக்கு விளங்காத காலம் அது. அவ்வறையின் ஒரே சன்னலுக்கு இரும்புக் கம்பிகள். வெளியேறும் வழியோ வீட்டுக்காரரின் சமையலறை ஊடாக. மேலே ஏதும் கருகும் மணம் வந்தால் நித்திரை கொள்ளமாட்டோம்.

அந்த நிலை இன்று இல்லை. பின்னர் ரொறன்ரோ மாநகரசபை நகர் முழுவதிலும் இரண்டாவது குடியிருப்பை அனுமதித்து விதி இயற்றியது. 2022இல் பின்வளவில் தனி வீடு கட்டவும், 2023இல் ஒரே கட்டடத்தில் நான்கு குடியிருப்புகள் அமைக்கவும் வழி பிறந்தது.

பின்வளவு வீட்டுக்கும் அளவுண்டு. அதன் அடித்தளம் 60 சதுர மீற்றரை, அல்லது பின்வளவின் 40 வீதத்தை, இவற்றில் எது குறைவோ அதனைத் தாண்டலாகாது. தீயணைப்பு வீரர் வீதியிலிருந்து அதன் வாசலை அடையத் தடையற்ற நடைவழி வேண்டும். 30 சென்ரிமீற்றர் விட்டமோ அதற்கு மேலோ உள்ள மரம் நின்றால், அதனைத் தறிக்கத் தனி அனுமதி பெறவேண்டும். வாகனத் தரிப்பிடம் கட்டாயமன்று. ஒன்றை மட்டும் பெற்றோர் மனங்கொள்ளவேண்டும்: அவ்வீட்டில் மகளைக் குடியமர்த்தலாம், வாடகைக்கும் விடலாம், ஆனால் ஊரிற்போல் காணியைப் பிரித்து அவள் பெயருக்குத் தனி உறுதி எழுதலாம் என்று எண்ணிக் கட்டாதீர்கள்.

இத்தனை கதவுகள் திறந்த பின்னரும் நம்மவரிற் சிலர் கட்டட அனுமதி பெறாமலே நிலவறைகளை அமைத்து வருகின்றனர். செலவு மிஞ்சும் என்பது அவர்கள் கணக்கு. மிஞ்சும் பணம் எதிலிருந்து வருகிறது? தீயைத் தடுக்கும் சுவரிலிருந்தும், புகை எச்சரிக்கைக் கருவியிலிருந்தும், ஆளொருவர் நுழைந்து தப்பக்கூடிய சன்னலிலிருந்தும்.

வாடகைக்கு இருப்போரும் வாய்மூடி இருக்கத் தேவையில்லை. சமையலறையையோ குளியலறையையோ வீட்டுக்காரர் குடும்பத்தோடு பகிராதவரை, அனுமதியற்ற நிலவறையில் வாழ்பவருக்கும் 2006ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்புச் சட்டம் பொருந்தும்.

அன்று நாம் சொன்ன பொய் ஒரு கூரையைக் காத்தது. இன்று அதே பொய் எவரையும் காக்காது. நிலவறையை வாடகைக்கு விட்டிருக்கும் அன்பர்கள் இன்றிரவே கீழே இறங்கி, அந்தச் சன்னலை ஒருமுறை திறந்து பார்ப்பார்களாக.