வாக்குறுதிக்கு விற்ற வாக்கு

இயேசு சபையார் எழுப்பிய ஆவூர் மாதா கோவிலைப் புதுக்கோட்டைச் சீமையார் நன்கறிவர். அதே கத்தோலிக்க மார்க்கத்தார் ஜெர்மனியிலே 1870ல் ஒரு கட்சி கண்டனர். மையக் கட்சி என்பது அதன் பெயர். உடனே வந்தது அடக்குமுறை! 1872ல் பிஸ்மார்க் ஆட்சி இயேசு சபையாரை விரட்டச் சட்டம் செய்தது. கட்சி ஒழிந்ததா? இல்லை, வளர்ந்தது! 1874 தேர்தலில் 91 இடங்கள்!

அடக்குமுறைக்கு அஞ்சாத அந்தக் கட்சி, வாக்குறுதிக்கு மயங்கிற்று. திருச்சபையின் உரிமை காக்கப்படும் என்றான் ஹிட்லர். 1933 மார்ச் 23ல், சட்டமியற்றும் அதிகாரத்தையே அவனிடம் ஒப்படைக்க வாக்களித்தனர். எதிர்த்தவை 94 வாக்குகள். அத்தனையும் சமூக ஜனநாயகக் கட்சியினருடையவை. மையக் கட்சி கண்ட பலன்? நூறு நாள் கடந்ததும், ஜூலை 5ல், அதுவே கலைந்தது!

போருக்குப் பின் மீண்டும் எழுந்தது. ஆனால் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகள் இருசாராரையும் அணைத்த கிறிஸ்தவ ஜனநாயக ஒன்றியத்தின் பக்கம் மக்கள் போய்விட்டனர். 1949ல் மையக் கட்சிக்கு 10 இடங்கள்; 1957ல் ஒன்றுகூட இல்லை. இன்றும் பெயர் இருக்கிறது, பலம் இல்லை.

தோழர்களே! தன் கோவிலுக்கு மட்டும் காவல் கேட்டு, ஊரார் உரிமையை விட்டுக்கொடுத்தவர்கள், தம் கட்சியையும் காக்கவில்லை. கூட்டணி பேசலாம், தொகுதி பேசலாம். மக்கள் உரிமையைப் பேரம் பேசலாகாது!