பூநாரைக்கு முன்னால் மோட்டார்

விம்கோ நகரில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறி, பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்தால் பழவேற்காடு. மார்கழி, தை மாதங்களில் பூநாரை பார்க்கப் போகும் கூட்டத்தில் ஒரு வாதம் அடிபடுகிறது: “அமெரிக்காவில் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள்ளேயே பனியில் ஓடும் ஸ்னோமொபைலை அனுமதிக்கிறார்கள். இங்கே உல்லாசப் படகுக்கு மட்டும் எதற்குத் தடை?”

எல்லோஸ்டோன் கதையைப் பாதியோடு நிறுத்துகிறார்கள். அங்கே நுழைவாயிலில் நின்ற காவலர்கள் புகை தாங்காமல் சுவாசக் கவசம் அணிந்து வேலை பார்த்த காலம் உண்டு. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் நிற்கும் நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. 2001-இல் ஸ்னோமொபைலைப் படிப்படியாக நிறுத்தவே உத்தரவு வந்தது. அடுத்து வந்த அரசு அதை மாற்றியது. வழக்குமேல் வழக்கு நடந்து 2013-இல்தான் விதி முடிவானது: பயிற்சி பெற்ற வழிகாட்டி கட்டாயம், குழுவுக்கு 10 வண்டிக்கு மேல் கூடாது, புகைக்கும் இரைச்சலுக்கும் வரம்பு. எல்லாவற்றையும்விட முக்கியம், கோடையில் கார் ஓடும் சாலைகளின் மேல் படிந்த பனியில்தான் அவை ஓடலாம். சாலையை விட்டு இறங்கக் கூடாது.

பழவேற்காடு ஏரியில் சாலை ஏது? பறவை நிற்கும் இடம்தான் படகுக்கு வழி. பூநாரை ஆழமில்லாத சேற்றுநீரில் அலகைத் தலைகீழாக வைத்து வடிகட்டித் தின்னும் பறவை. கூட்டம் பறந்தெழும் படம் வேண்டும் என்று பயணி கேட்பார், படகோட்டி விரட்டிக் காட்டுவார். ஒவ்வொரு முறை எழும்பும்போதும் அதற்குத் தீனி நேரமும் போகிறது, உடம்பிலிருக்கும் தெம்பும் போகிறது.

“மீன்பிடிப் படகு ஓடவில்லையா?” ஓடுகிறது. அது வலை போடும் இடத்துக்குப் போய் நின்றுவிடும், பறவையைத் தேடிப் போகாது. பழவேற்காட்டில் இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை போடலாம் என்று முறை வைத்துப் பிரிக்கும் ‘பாடு’ வழக்கம் வேறு இருக்கிறது. உல்லாசப் படகுக்கு அப்படி எந்தக் கட்டும் இல்லை.

மீனவருக்கு வருமானம் என்பதை மட்டும் சட்டென்று தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தப் பணம் எஞ்சின் வைத்திருப்பவர் கைக்குப் போகும். இடுப்பளவு நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்கு அதில் என்ன பங்கு? தடை எப்படி வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. 2011 கிறிஸ்துமஸ் அன்று உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள்.

எனக்கு எரிச்சலூட்டுவது கடைசி வாதம்: “எண்ணூரில் ஆலைகள் கெடுக்காததையா நாலு படகு கெடுத்துவிடும்?” 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. எண்ணெய் அப்பிய கூழைக்கடாக்களை நாமே பார்த்தோம். எண்ணூர்க் கழி கெட்டால் பறவைக்கு வடக்கே பழவேற்காடுதான் மிச்சம். அங்கேயும் துரத்துவதற்கு எண்ணூரையே சாட்சிக்கு அழைப்பது என்ன நியாயம்?

பறவை பார்க்கத்தான் ஆசை என்றால் கரையில் நல்ல தொலைநோக்கிகள் வைக்கலாம். ஊர்ப் பெண்களுக்கும் பையன்களுக்கும் பறவை காட்டும் பயிற்சி கொடுத்துக் கட்டணத்தை அவர்களே வாங்கிக்கொள்ளச் செய்யலாம். டீசல் செலவும் மிச்சம்.