இரண்டு அடி போய், ஓர் அடி திரும்பி...

போன இதழில் வற்றல், வடகம் என்று அடுப்படியிலேயே நின்றுவிட்டேன். இந்தத் தடவை உங்களைக் கொஞ்சம் தூரமாக அழைத்துப் போகிறேன். ஆர்மீனியாவுக்கு! அதுவும் எதற்கு? நாட்டியம் கற்றுக்கொள்ள!

'நாற்பத்தேழு வயதில் இதெல்லாம் தேவையா?' என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டார். "மாடி ஏறினாலே முழங்கால் வலிக்குதுங்கறே. அங்கே போய் ஆடப் போறியா?"

துபாயில் வேலை பார்க்கும் என் பெண்தான் விடவில்லை. "காலையிலே கிராமிய நடன வகுப்பு, மத்தியானம் ஊர் சுற்றிப் பார்க்கிறது. எட்டே நாள்தாம்மா. நீ ஆடவே வேண்டாம், சும்மா உட்கார்ந்து பாரு" என்று சொல்லி, தன் சேமிப்பிலிருந்து பணமும் கட்டிவிட்டாள். துபாயிலிருந்து தலைநகர் எரெவானுக்கு விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல்தான்.

ஆர்மீனியர்கள் நமக்கு அப்படியொன்றும் அந்நியர்கள் இல்லை. சென்னை பாரிமுனையில் அரண்மனைக்காரன் தெரு இருக்கிறதே, அங்கே எந்த அரண்மனையும் கிடையாது. 'ஆர்மீனியக்காரர் தெரு' என்பதுதான் நம் வாயில் அப்படி ஆகிவிட்டது. 1772-ல் கட்டிய அவர்களுடைய மாதா கோயில் இன்னும் அங்கே நிற்கிறது. உலகத்திலேயே ஆர்மீனிய மொழியில் வந்த முதல் பத்திரிகை 'அஸ்தரார்' 1794-ல் அச்சானதும் நம் சென்னையில்தான்!

எங்கள் கூட்டத்தில் பல தேசத்தவராக 16 பேர். எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டியும் இருந்தார். முதல் நாள் வகுப்பில் நான் சமர்த்தாக ஓர் ஓரத்துப் பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஆசிரியை நேரே என்னிடம் வந்து சுண்டுவிரலை நீட்டினாள். "வட்டத்திலே ஒரு விரல் குறையுது" என்று அவள் சொன்னதாக மொழிபெயர்த்தவர் சொன்னார். அப்புறம் எப்படி உட்கார்ந்திருப்பது?

அங்கே பல வட்ட நடனங்களில் கையைக் கோத்துக் கொள்வதில்லை. பக்கத்திலிருப்பவரின் சுண்டுவிரலோடு நம் சுண்டுவிரலை மாட்டிக் கொண்டால் போதும். ஆரம்பப் பாடத்தின் பெயரே 'இரண்டு போய் ஒன்று திரும்புதல்'. வலப்பக்கமாக இரண்டு அடி போக வேண்டும், ஓர் அடி பின்னால் வர வேண்டும். 'மேக், யெர்கு, யெரெக்' என்று எண்ணிக்கொண்டு ஆட வேண்டும். கேட்கச் சுலபம்தான். ஆனால் நான் போக வேண்டிய நேரத்தில் திரும்பி, திரும்ப வேண்டிய நேரத்தில் போய், பக்கத்திலிருந்த பாட்டியின் காலை இரண்டு முறை மிதித்தேன். ஆசிரியை சிரித்தபடி, "நோரிட்ஸ், ஜான்" என்றாள். நோரிட்ஸ் என்றால் 'மறுபடியும்'. ஜான் என்பது நம் ஊரில் 'கண்ணு' என்பதைப் போல.

மூன்றாம் நாள் 'கோச்சாரி'. ஆட்டுக்கடா முட்ட வருவது போல முன்னே பாய்ந்து பின்வாங்கும் ஆட்டம். 2017-ல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. சீவாளி வைத்து ஊதும் சூர்னாவும், டோல் என்ற மத்தளமும் சேர்ந்து முழங்கியபோது, நம் ஊர்க் கல்யாணத்தில் கெட்டிமேளம் கேட்ட மாதிரி உடம்பு சிலிர்த்துவிட்டது.

மத்தியான வேளைகளில் பார்த்தவற்றை எல்லாம் எழுத இங்கே இடம் போதாது. 1679 பூகம்பத்தில் விழுந்து, நம் காலத்தில் 1975-ல் திருப்பிக் கட்டி முடிக்கப்பட்ட கார்னி கோயில். மலைப்பாறையைக் குடைந்த கெகார்ட் மடாலயம். தரையில் பதித்த தோனிர் என்ற மண் அடுப்பின் சுவரில், பெண்கள் மாவை மெல்லிசாக விரித்து அடித்துச் சுடும் லவாஷ் ரொட்டி. நம் அப்பளக் கூட்டம் மாதிரிதான்! ஒருத்தி தேய்க்க, ஒருத்தி விரிக்க, ஒருத்தி சுட, ஊர்க்கதை ஓடிக் கொண்டிருக்கிறது.

ஆனால் என் மனசைப் பிசைந்தது மாட்டெனதரான் என்ற சுவடி நூலகத்தில் பார்த்த ஒரு புத்தகம். 1200-ஐ ஒட்டிய வருஷங்களில் தோலில் எழுதப்பட்டது. எடை சுமார் 28 கிலோ! மூஷ் பகுதி மடாலயத்தில் இருந்தது. 1915-ல் ஒட்டோமான் ஆட்சியில் ஆர்மீனியர்கள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டு விரட்டப்பட்டபோது, தப்பி ஓடி வந்த இரண்டு பெண்கள் அதைக் கண்டெடுத்தார்களாம். தூக்க முடியவில்லை. இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதியாகச் சுமந்து நடந்தார்கள். ஒருத்தி தன் பாதியைக் கொண்டு வந்து சேர்த்தாள். மற்றவள் வழியிலேயே, சாகுமுன் ஒரு மடாலயத்து மண்ணில் அதைப் புதைத்து வைத்தாளாம். பிற்பாடு அதுவும் கிடைத்து, இரண்டும் ஒன்று சேர்ந்தன.

"புத்தகத்தைக் கையில் சுமந்தார்கள். ஆட்டத்தைக் காலில் சுமந்தார்கள்" என்றாள் ஆசிரியை. நாங்கள் காலையில் ஆடிய ஆட்டங்களில் பல, இன்று துருக்கியில் இருக்கும் மூஷ், சாசூன் ஊர்களிலிருந்து அகதிகளோடு வந்தவை. ஊர் போய்விட்டது; ஆட்டம் இருக்கிறது. அதையும் எழுதி வைக்க ஒரு பெண் வேண்டியிருந்தது. ஸ்ர்புஹி லிசித்சியன் என்ற அம்மையார், நாட்டிய அசைவுகளை எழுத்தில் குறிக்க ஒரு முறையே வகுத்து 1940-ல் புத்தகமாக்கினார். ஊர் ஊராகத் திரட்டிய நடனங்களை 1958-லும் 1972-லும் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார்.

ஏழாம் நாள் சாயங்காலம், அவரவர் ஊர் ஆட்டம் ஒன்றை ஆடிக் காட்டச் சொன்னார்கள். எனக்கென்ன, கும்மி இருக்கிறதே என்று தைரியமாக எழுந்தேன். நாலு தட்டு தட்டினேன். குனிந்து ஒரு தட்டு. அப்புறம்...? பாட்டின் இரண்டாம் அடியும் வரவில்லை, காலும் வரவில்லை. பாட்டி வீட்டு வாசலில் எத்தனை மாசிப் பௌர்ணமி பார்த்திருக்கிறேன்! கல்யாணமாகி டவுனுக்கு வந்த பிறகு, 'அதெல்லாம் பட்டிக்காட்டு ஆட்டம்' என்று என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன்.

என் பெண் என்னையே பார்த்தாள். "உனக்குக் கும்மி தெரியும்னே எனக்குத் தெரியாதேம்மா. ஏம்மா எனக்குச் சொல்லித் தரலே?"

அங்கே ஊரையே பறிகொடுத்தவர்கள் ஆட்டத்தை விடவில்லை. என்னிடமிருந்து யாரும் எதையும் பிடுங்கவில்லை. நானாகத்தான் கீழே போட்டுவிட்டேன்.

அன்று ராத்திரியே ஊரிலிருக்கும் அத்தைக்குப் போன் போட்டேன். அத்தைக்கு எண்பத்தொரு வயது. "ஏண்டி, இதைக் கேக்கவா அம்புட்டுத் தூரம் போனே?" என்று கலகலவென்று சிரித்துவிட்டு, ஒவ்வொரு தட்டாக வாயாலேயே சொல்லிக் கொடுத்தாள். நானும் என் பெண்ணும் ஓட்டல் அறையில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சுற்றிச் சுற்றி வந்தோம். மறுநாள் கடைசி வகுப்பில் 16 பேரும் கும்மி அடித்தார்கள். தப்பும் தவறுமாகத்தான்! நான் "நோரிட்ஸ், ஜான்" என்று சொல்ல, ஆசிரியையே விழுந்து விழுந்து சிரித்தாள்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள்:

* மே, ஜூன் அல்லது செப்டம்பர், அக்டோபர் நல்ல பருவம்.

* முழங்கால், குதிகால் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுக் கொண்டு புறப்படுங்கள். நான் குதிக்கும் இடங்களில் எல்லாம் நடந்தேன். யாரும் குறை சொல்லவில்லை.

* வார் வைத்த, மெத்தென்ற அடியுள்ள ஷூ அவசியம். புடவையைவிட சுடிதார் சௌகரியம். மடாலயங்களில் தலையைப் போர்த்திக் கொள்ளத் துப்பட்டாவும் ஆயிற்று.

* சைவச் சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை. லவாஷ், கீரை, பாலாடைக்கட்டி கிடைக்கும். 'மாட்சுன்' என்பது தயிர், 'தான்' என்பது மோர். எரெவான் தெருக்களில் 'புல்புலாக்' என்ற குடிநீர்க் குழாய்கள் உண்டு. பாட்டில் ஒன்று கையில் இருக்கட்டும்.

முழங்கால் வலி பறந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் மொட்டை மாடியில் அக்கம்பக்கத்துப் பெண்கள் எட்டுப் பேர் கும்மி அடிக்கிறோம். அத்தையிடம் இன்னும் இரண்டு பாட்டுப் பாக்கி. அடுத்த மாதம் ஊருக்குப் போய் உட்கார்ந்து எழுதிக்கொள்ளப் போகிறேன்.

உங்கள் வீட்டிலும் ஓர் அத்தையோ பாட்டியோ இருப்பார்களே? இன்றைக்கே கேட்டு வையுங்கள். இரண்டு அடி போன பிறகு ஓர் அடி திரும்புவதில் தப்பே இல்லை, சகோதரிகளே!