முகநூல் ஒரு வாடகைக் கடை

கலஹா பஸாரில் எனக்கு ஒரு சிறிய கடை உண்டு. ஒரு காலத்தில் எமது சமூக வலைத்தளம், கல்லாப் பெட்டிக்கு அருகில் கிடந்த கடன் கொப்பிதான். எந்தத் தோட்டத்தில் எப்போது சம்பளம், யார் வீட்டில் கல்யாணம், யார் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார் என்பதெல்லாம் அதற்குள் இருந்தன. பின்னர் தெல்தோட்டையிலிருந்தும் ஹேவாஹெட்டையிலிருந்தும் ஓடர்கள் முகநூல் வழியே வரத் தொடங்கின. கொப்பியை மூலையில் போட்டுவிட்டேன்.

2018 மார்ச்சில் அதற்கான பாடம் கிடைத்தது. திகன, தெல்தெனிய வன்செயல்களை அடுத்து அரசாங்கம் மார்ச் 7ஆம் திகதி முகநூல், வாட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை முடக்கியது. முகநூல் மீண்டும் திறக்க 15ஆம் திகதியாயிற்று. உயிரையும் உடைமையையும் இழந்தவர்களின் முன்னால் எனது நட்டம் ஒரு நட்டமே அல்ல. ஆயினும் கடை திறந்திருக்கிறதா, சாமான் வருமா என்று வாடிக்கையாளருக்குச் சொல்ல வழியில்லை. முகநூலில் பேசிப் பழகிய பலரின் தொலைபேசி இலக்கம்கூட என்னிடம் இருக்கவில்லை.

முகநூல் வாடகைக் கடை. அதன் சாவி எம்மிடம் இல்லை. 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் அது மறுபடி பூட்டப்பட்டது. இதற்காக ஒதுங்கிவிடச் சொல்லவில்லை. அங்கே ஆளைச் சந்திப்போம்; உறவை எமது கொப்பியில் வைத்திருப்போம். முதல் ஓடரிலேயே பெயர், ஊர், இலக்கம் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் இலக்கத்தையும் அவரது தொலைபேசியில் பதியச் சொல்லுங்கள். பதியாதவருக்கு வாட்ஸ்அப் ஒலிபரப்புப் பட்டியலில் அனுப்பும் செய்தி போய்ச் சேராது.

இன்னொன்று, வதந்தி. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஓர் உணவகத்தின் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாக வதந்தி பரவி, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் உறுதிப்படுத்தினார். ஆனால் அதற்குள் சேதம் நடந்து முடிந்திருந்தது. 2019 மே மாதம் சிலாபத்தில் வர்த்தகர் ஒருவர் முகநூலில் எழுதிய ஓர் ஆங்கில வரி பிழையாக விளங்கிக்கொள்ளப்பட்டு, பலரது கடைகள் அடிபட்டன.

ஆகவே கடையின் பெயரில் எழுதுபவர் ஒருவராகவே இருக்கட்டும். கோபத்தில் எழுத வேண்டாம், அரசியலும் வேண்டாம். எழுதுவதைச் சிங்களத்திலும் எழுதுங்கள். எம்மிடம் வாங்குபவர்களில் சிங்களவர்கள் எத்தனை பேர்! அவர்கள் எம்மை நேரடியாக அறிந்திருந்தால், வதந்தி வரும் நாளில் “அந்த முதலாளியை எனக்குத் தெரியும்” என்று சொல்ல ஒருவராவது இருப்பார். ஆயிரம் ‘லைக்’கை விட அந்த ஒரு சாட்சி பெறுமதியானது.

இந்த வாரமே ஒரு கொப்பி வாங்குங்கள். முதல் ஐம்பது வாடிக்கையாளரின் இலக்கங்களை எழுதுங்கள். நான் எழுதிவிட்டேன்.