பண்டிகை நாளும் ஐந்து மணி நேரமும்

தீபாவளிக்கு முன்பே பள்ளிப்பட்டுச் சுற்றுவட்டாரக் கிளை அஞ்சலகங்களில் பை கனக்கத் தொடங்கும். பொங்கல் கழியும்வரை சுமை குறையாது. ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் சங்கராந்தியும் அதே நாள்களில்தான். இரு பக்கமும் உறவுள்ள ஊர்கள் இவை. இந்த மாதங்களில் ஜி.டி.எஸ். எனப்படும் கிராம அஞ்சல் ஊழியருக்குச் சங்கம் சொல்ல வேண்டியது இதுதான்: செய்த வேலையை எழுதுங்கள், செய்ய முடியாமல் போனதையும் எழுதுங்கள்.

காரணத்தைப் பொறுமையாகப் பார்ப்போம். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஜி.டி.எஸ். ஊழியரிடம் வேலை வாங்கக் கூடாது என்பது விதி. 2018 ஜூலை 1 முதல் அமலான ஊதிய முறையில் நான்கு மணி நேரம், ஐந்து மணி நேரம் என்று இரண்டே படிகள். ஏ.பி.பி.எம். எனப்படும் உதவிக் கிளை அஞ்சல் அதிகாரிக்குத் தொடக்கத் தொகை 10,000 அல்லது 12,000 ரூபாய், பி.பி.எம். எனப்படும் கிளை அஞ்சல் அதிகாரி என்றால் 12,000 அல்லது 14,500. அகவிலைப்படி தனி. இந்த ஊதிய முறைகூட எளிதில் வந்துவிடவில்லை. அந்த ஆண்டு மே 22-இல் நாடெங்கும் வேலைநிறுத்தம் தொடங்கி இரண்டு வாரம் கடந்த பிறகே, ஜூன் 6-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலையே கிடையாது என்று விதி சொல்வதால் ஓவர்டைம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பண்டிகை வாரத்தில் ஏழு மணி நேரம் அலைகிறவரின் மிச்ச இரண்டு மணி நேரம் எந்தத் தாளிலும் ஏறாது. தாளில் ஏறாத வேலைக்கு ஆள் கேட்க முடியாது, படி உயர்த்தவும் கேட்க முடியாது.

இதைவிட ஆபத்தானது மாலையில் நடக்கிறது. பையில் மிஞ்சிய பார்சலுக்குக் 'கதவு பூட்டியிருந்தது' என்று பதிந்துவிட்டு வீடு திரும்புவது. மேலிருந்து வரும் நெருக்கடி நமக்குத் தெரியும். ஆனாலும் நாள் முழுக்க வீட்டிலிருந்தவர் புகார் கொடுத்தால் விளக்கம் கேட்கப்படுவது ஊழியரிடம்தான். பொய்க் குறிப்பு போட்ட அந்த நொடியிலேயே, வேலை அதிகம் என்பதற்கான சாட்சியமும் அழிந்துவிடுகிறது. 'நேரம் போதவில்லை' என்ற உண்மையை மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்து, நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள்.

அமெரிக்கத் தபால்காரர் சங்கம் தன் உறுப்பினர்களுக்குச் சொல்வதும் ஏறக்குறைய இதுவே. எட்டு மணி நேரத்தில் முடியாது என்று தெரிந்தால், காலையிலேயே 3996 என்ற படிவத்தைக் கேட்டு வாங்கி எழுதித் தர வேண்டும். கூடுதல் நேரம் தருவதா, வேறு ஆள் அனுப்புவதா, மிச்சத்தைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்வதா என்று முடிவெடுப்பது மேற்பார்வையாளரின் வேலையாகிவிடும். நமக்கு ஒரு வெள்ளைத் தாள் போதும்.

மழையையும் மறக்க வேண்டாம். ஆந்திரப் பகுதியில் கிருஷ்ணாபுரம் அணை திறக்கப்பட்டால் கொசஸ்தலையாற்றில் வெள்ளம் வரும், தரைப்பாலங்கள் மூழ்கும். தண்ணீர் ஓடும் பாலத்தைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடக்கும் அளவுக்கு எந்தப் பார்சலும் அவசரமானதல்ல. 'வெள்ளம், பாதை இல்லை' என்று எழுதுங்கள். முடிந்தால் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

எழுதிக் கொடுத்தால் வேலை போய்விடுமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. 1977-இல் ராஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், அன்று இ.டி. (எக்ஸ்ட்ரா டிபார்ட்மென்டல்) என்று அழைக்கப்பட்ட இந்த ஊழியர்கள் அரசின் சிவில் பதவி வகிப்பவர்களே என்று தீர்ப்பளித்தது. முறையான விசாரணை இல்லாமல் வெளியேற்ற முடியாது என்ற பாதுகாப்பு அதிலிருந்து வந்தது. ஆனால் தீர்ப்பு ஒன்றே தைரியம் கொடுத்துவிடாது. தனியாக ஒருவர் எழுதினால் அவர் மட்டும் கண்ணில் படுவார். ஆகவே ஒரு சப் ஆபீசின் கீழுள்ள எல்லாக் கிளை ஊழியர்களும் ஒரே நாளில் எழுதத் தொடங்க வேண்டும். வாரக் கடைசியில் அந்தத் தாள்களைச் சங்கக் கிளைச் செயலாளர் திரட்டி, கூடுதல் ஆள் கேட்கும் ஒரே மனுவாக உட்கோட்ட ஆய்வாளரிடம் தர வேண்டும். தை பிறந்த பிறகு கொடுத்தால் கேட்ட ஆள் அடுத்த தீபாவளிக்குத்தான் வருவார், ஐப்பசியிலேயே கொடுங்கள்.