கடன் பெண்ணின் பெயரில். வருமானம் யார் கையில்?

பெண்களை வலுவூட்டுவது பற்றிப் பேசாத கருத்தரங்கு இல்லை. ஆனால் அந்தப் பெயரில் நமது கிராமங்களை வந்தடைந்தது பெரும்பாலும் ஒன்றுதான்: கடன். 2009இல் யுத்தம் முடிந்த பின்னர் பாலையூற்று முதல் கிண்ணியா, மூதூர் வரை நுண்கடன் கம்பனிகள் வீடு தேடி வந்தன. காணி உறுதியோ நகையோ கேட்கவில்லை. அடையாள அட்டையும், ஒருவருக்கொருவர் பிணை நிற்க அயல்வீட்டுப் பெண்கள் சிலரும் போதும் என்றன.

இம்முறைக்கு முன்னோடி பங்களாதேஷின் கிராமீன் வங்கி. 2006இல் அதற்கும் முஹம்மத் யூனுஸுக்கும் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. நோக்கம் நல்லதே. ஆனால் கணக்கைப் பாருங்கள். 50,000 ரூபா கடனுக்கு நூற்றுக்கு 24 வீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். முழுத் தொகைக்கும் வட்டி சேர்த்து 62,000 ரூபாவை 52 வாரங்களில் கட்ட வேண்டும். வாராவாரம் முதல் குறைந்துகொண்டே வருவதால், உண்மையான வட்டி 40 வீதத்தையும் தாண்டிவிடுகிறது.

இங்கோ உழைப்பு பருவத்தை நம்பியது. வயலில் பெரும்போகம், சிறுபோகம் என்று இரு அறுவடைகள். வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் சிறு தோணிகள் கரையில் கிடக்கும். தவணை மட்டும் வாரந்தவறாமல் வரும். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுப்பது இப்படித்தான் தொடங்குகிறது. பல வீடுகளில் பணம் கணவரின் வலைக்கோ மகளின் சீதன வீட்டுக்கோ போய்விடுகிறது. கையெழுத்து அவளுடையது, தீர்மானம் அவளுடையதல்ல.

இது முஸ்லிம் பெண்களின் பிரச்சினை மட்டுமல்ல. 2018இல் அரசாங்கம் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் விதித்தது. ஆயினும் 2021இல் ஹிங்குராக்கொடையில் பெண்கள் வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருக்க நேர்ந்தது.

பெண் சம்பாதித்ததில் அவளுக்கே பங்குண்டு என்கிறது அல்குர்ஆன் (4:32). அன்னை கதீஜா (ரழி) அவர்கள் பிறர் கடனில் வாழவில்லை. சொந்த முதலில் வர்த்தகம் செய்தார்கள். வட்டி ஹராம் என்று மிம்பரில் சொல்வது கடமை. ஆனால் அடுப்பெரியாத வீட்டுக்கு மாற்றுவழி காட்டாமல் அதை மட்டும் சொல்லிவிட்டு இறங்குவது போதுமா?

ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டுப் பிரிவினரில் கடனில் மூழ்கியோரும் அடங்குவர் (9:60). பள்ளிவாசல் ஸகாத் நிதியில் ஒரு பகுதியை அத்தகைய பெண்களுக்கு ஒதுக்கலாம். ஜமாஅத்தார் சேர்ந்து கர்ழுன் ஹஸன் நிதியொன்றை ஆரம்பித்து, அறுவடைக்கும் மீன்பிடிக் காலத்துக்கும் ஏற்பத் தவணை வைக்கலாம். சிரமப்படுபவருக்கு அவகாசம் கொடுப்பது மார்க்கத்தின் கட்டளையல்லவா (2:280)? அந்த நிதியின் நிர்வாகத்தில் பெண்களும் இருக்க வேண்டும். யாருக்கு என்ன தேவை என்பது அவர்களுக்கே நன்கு தெரியும்.

கடனைவிட முக்கியமானது சந்தை. இலங்கையில் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே உழைப்புச் சந்தையில் இருக்கின்றனர். தைத்த துணியையும் இடித்த மாவையும் வாங்க ஆளில்லாமல் தையல் இயந்திரம் மட்டும் கொடுப்பதால் பயனில்லை. நமது கடைக்காரர்கள் தமது கொள்வனவில் ஒரு பங்கை இவர்களிடமிருந்து எடுத்தாலே பல வீடுகள் நிமிரும்.

எத்தனை பெண்களுக்குக் கடன் கொடுத்தோம் என்று எண்ணியது போதும். எத்தனை பெண்கள் கடனில்லாமல் உழைத்து வாழ்கிறார்கள் என்று இனி எண்ணுவோம்.