வென்றவர் ஏன் செலவைச் சுமக்க வேண்டும்?

கிழக்கேகோட்டையில் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுச் சாலைக் கடைத்தெருவுக்குத் திரும்பும் நம்மவர் பலர், அக்கோயிலைப் பேணிவருவது இந்தியத் தரைப்படை என்பதை அறிவர். சென்ற திங்கள் அவ்வாசலில் நம்மை நிறுத்திப் பேசிய முதியவர் ஒருவரும் படையில் இருந்தவரே. பணிக்காலத்தில் வந்த நோய்க்கு ஊன ஓய்வூதியம் கோரி அரசின்மேல் வழக்காடி வென்றவர். ஆயினும் வந்த நிலுவையில் பெரும்பகுதி வழக்கறிஞர் கட்டணத்துக்கும் கொச்சித் தீர்ப்பாயத்துக்குப் போய்வந்த செலவுக்கும் கரைந்துவிட்டது. “தவறு அவர்களுடையது, செலவு மட்டும் என்னுடையதா?” என்று கேட்டார்.

கேள்வி நியாயமானதே. 2007-ஆம் ஆண்டின் ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம், வழக்குச் செலவைப் பற்றித் தக்க ஆணையிடும் அதிகாரத்தைத் தீர்ப்பாயத்துக்கு அளித்திருக்கிறது. ஆனால் வென்றவர் கைக்கு வரும் தீர்ப்பின் கடைசி வரி பெரும்பாலும் “செலவு குறித்து ஆணை இல்லை” என்பதாகவே இருக்கிறது. படையிற் சேரும்போது குறிக்கப்படாத நோய் பின்னர் வந்தால், அது பணியால் வந்ததன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசினுடையது என 2013-இலேயே தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அதன் பின்னும் ஒவ்வொரு சிப்பாயும் தனித்தனியே வழக்காடித்தான் பெறவேண்டுமென்றால், அச்செலவை யார் ஏற்பது?

அமெரிக்க நாட்டில் 1980-இல் ஒரு சட்டம் செய்தார்கள். அரசின் நிலைப்பாட்டுக்குத் தக்க காரணம் இல்லையெனில், வென்றவரின் வழக்கறிஞர் கட்டணத்தை அரசே தரவேண்டும். அந்நாட்டுச் சமூகப் பாதுகாப்பு ஊன உதவி வழக்குகளில் வழக்கறிஞர் நிலுவைத் தொகையில் 25 சதவீதம் வரை பெறவும் இடமுண்டு. ஆனால் இரு வழியிலும் பணம் வந்தால், சிறிய தொகையைக் கட்சிக்காரரிடமே திருப்பித் தந்துவிட வேண்டும். நம் நாட்டிலோ, கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவது வழக்கறிஞர் மன்ற விதிகளால் விலக்கப்பட்டது. இதனை அறியாமல் “வந்தால் பாதி” என்னும் தாளில் கையொப்பமிட்டு வருவோரை நாம் கண்டிருக்கிறோம்; அவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை.

ஆகவே மனு எழுதும்போதே, “வழக்குச் செலவும் எதிர்த்தரப்பே தரவேண்டும்” என்னும் வேண்டுதலைச் சேர்க்கச் சொல்லுங்கள். கேளாததை எவரும் வலிந்து தருவதில்லை. கட்டண இரசீது, பயணச் சீட்டு, மருத்துவச் சான்றுப் படிகள் யாவும் ஓர் உறையில் இருக்கட்டும்.

கையில் பணமில்லாதார்க்கு மற்றொரு வழியுண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, ஊனமுற்றோர்க்கும் பெண்களுக்கும் வருமானம் எவ்வளவாயினும் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. சிப்பாயின் கைம்பெண்ணுக்கும் இது உரியதே. ஊனமுற்றோர் சட்டத்தின் கீழ்ப் பெற்ற சான்று வேறு, படை மருத்துவக் குழு தரும் சதவீதம் வேறு. இரண்டையும் எடுத்துச் செல்க. வஞ்சியூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட ஆணையத்தை அணுகலாம். தொலைபேசி எண் 15100. மலையாளத்தில் மனு எழுதத் தயங்குவோர் நம் சங்கத்துக்கு வந்தால், உடன் வர ஆள் அனுப்புகிறோம். அம்முதியவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.